அவள் சொன்ன வாக்கியம்

ஒராசியோ குனிந்து மரப்பெட்டியின் துளையில் கண்ணை வைத்தபோது, உள்ளே அவன் மகள் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஈரத் தலை, முன்பல் விழுந்த வாய். படத்தில் நிறமே இல்லை. ஆனாலும் அந்தக் குளியலுடை நீலம் என்று அவனுக்குத் தெரியும். கேமராவுக்கு முன் வந்து நின்றாள், ஏதோ சொன்னாள், கடலைப் பார்க்கத் திரும்பினாள். உடனே மறுபடியும் தூரத்திலிருந்து ஓடி வந்தாள். முனையோடு முனை ஒட்டிய பிலிம் நாடா கூரையில் மாட்டிய சின்னச் சக்கரங்களில் ஏறி இறங்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மோன்தேவீதேயோ துறைமுகத்தின் பழைய கம்பளிக் கிடங்கில் மிர்த்தாவின் கண்காட்சி அன்று மாலை திறக்கவிருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி அவளே எழுதியிருந்தாள். கணவன் மனைவியாக இருந்த இருவரும் பிரிந்து இருபத்தாறு வருடம்.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டியே, உடம்பு சரியில்லையா?" என்றாள் பின்னாலிருந்து.

அவன் சிரிக்கவில்லை. துளையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"உங்க அக்கா வீட்டைக் காலி பண்ணும்போது கெடச்சுது. கழுவாத பிலிம், மேல ஒண்ணும் எழுதல. நொயேலியாவோட கடைசிக் கோடைன்னு தெரியுது, எந்த நாள்னுதான் தெரியல." அவள் குரல் இறங்கியது. "நாலு மாசமா அவ ஒதட்டையே பாத்துட்டிருக்கேன். காது கேக்காத பசங்களுக்குச் சொல்லித்தர்ற டீச்சரைக் கூட்டிட்டு வந்துகூடக் காட்டினேன். 'அப்பா'ன்னு ஆரம்பிக்குதாம், அதுக்குள்ள திரும்பிடறா. நீதான எடுத்த. என்ன சொல்றா?"

ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாம். போலீசிடமும் இவளிடமும் சொன்ன பொய்யோடு அதுவும் போய்ச் சேரும். அந்தப் பொய்யைக் காப்பாற்றியே அவன் கிழவனாகியிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். விடை தெரிந்துவிடுமோ என்று பயந்த முகமில்லை அது. தெரியாமலே செத்துவிடுவோமோ என்று பயந்த முகம்.

"'அப்பா, பாத்துட்டே இரு, அந்த அலை வரைக்கும் போறேன்'ங்கறா."

"எந்த நாளு?"

"அன்னிக்குத்தான். அதோட பிலிம் தீந்துபோச்சு. போ, மாத்திட்டுப் பாக்கறேன்னேன். புது டப்பா சரியா உக்காரல, அதோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். தலைய நிமித்தினப்ப அவ இல்ல."

"தூங்கிட்டேன்னு சொன்ன."

"தூங்கிட்டேன்னா நீ மன்னிப்பேன்னு நெனச்சேன்."

"மன்னிச்சேனா?"

"இல்ல."

வெளியே ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. மிர்த்தா போய்க் கதவைத் தாழிட்டாள். வெளியே போகச் சொல்வாள் என்று அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவளோ திரும்பி வந்து பெட்டியின் இரு பக்கமும் கைகளை ஊன்றிக் குனிந்து துளையில் கண்ணை வைத்தாள்.

"அவ சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னான்.

"லேட்டாயிடுச்சு. அவ வாயத் தெறக்கும்போது சொல்லு."

நாடாவை ஒட்டிய இடம் சக்கரத்தில் ஏறும்போது மெல்ல ஒரு சொடுக்குச் சத்தம் வந்தது. அங்கிருந்து நாலு எண்ணினால் அவள் வந்து நிற்கும் இடம். ஒராசியோ காத்திருந்தான், எண்ணினான். அறுபத்தெட்டு வயதுத் தொண்டையை முடிந்த மட்டும் மெலிதாக்கிக்கொண்டு, "அப்பா, பாத்துட்டே இரு" என்றான்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இன்னொரு தடவ" என்றாள் மிர்த்தா, கண்ணை எடுக்காமல். துளையிலிருந்து கசிந்த வெளிச்சம் அவள் ஈரக் கன்னத்தில் விட்டு விட்டு அடித்தது. அவன் மேலே சக்கரங்களைப் பார்த்தபடி மறுபடியும் எண்ண ஆரம்பித்தான்.