நேரம் தவறாதவர்

மூன்று பல்கலைக்கழகங்கள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நான்காவதற்கு அனுப்பியது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கல்வியியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கென்று அவர்கள் ஒரு இணையப் பக்கம் வைத்திருந்தார்கள். என் எண்ணைத் தட்டினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். பல் துலக்கும் முன் ஒரு தடவை, பேருந்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் ஒரு தடவை என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

“அது என்ன அடுப்புல வெச்ச பாலா, பார்த்துக்கிட்டே நிக்கிறதுக்கு?” என்றார் என் கணவர். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். உள்ளே தாள் போனால் வெளியே தாள் வந்தே தீரும் என்று நம்புகிறவர்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக ஒரே பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். கணக்கில் தோற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கு வராமல் இல்லை, கணக்கை வாசிக்க வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ‘ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள்’ என்று கேள்வி தொடங்கினால், பாவம், தொட்டியிலேயே மூழ்கிப்போகிறார்கள். அதனால் மூன்று வருடமாகத் தினமும் பள்ளி தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அவர்களை நூலக அறையில் கூட்டி, கணக்கையே கதைபோலச் சத்தமாக வாசிக்கவைத்தேன். வாசித்த பிள்ளை தானும் ஒரு கணக்கை எழுதி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை முப்பத்தொரு பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். இதை முறையாக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்பது மரியாதைக்குச் சொல்வது. வெறி.

எங்கள் பள்ளியில் பரிந்துரைக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைமையாசிரியர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். “நீங்களே எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்” என்பார். போடுவார். வாசிக்கமாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘முத்திரை’. யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், என் பேனாவுக்கு வாய் நீளம். விளையாட்டு வாத்தியாருக்கு நான் எழுதிய கடிதத்தைப் படித்தால் அவர் மனைவிக்கே அது யாரென்று தெரியாது.

எனக்கு வேண்டியபோது எனக்கும் நானே எழுதிக்கொண்டேன். தன்னைப் பற்றித் தானே என்ன எழுதுவது? கூச்சம் பிடுங்கித் தின்றது. ‘நேரம் தவறாதவர். பதிவேடுகளைச் சுத்தமாக வைத்திருப்பவர். சக ஆசிரியர்களுடன் இணக்கமாக நடந்துகொள்பவர்.’ மேலே ஒரு வணக்கம், கீழே ஒரு நன்றி, அவ்வளவுதான். வகுப்பைப் பற்றித்தான் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே, அது போதாதா என்று நினைத்தேன். முத்திரை வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வியாழக்கிழமை காலை இடைவேளையில் அறிவியல் ஆசிரியர் எங்கள் ஓய்வறைக்குள் ஓடிவந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு இடத்தில் நிற்காத ஆள், அதனால் அவருக்கு ‘அணில்’ என்று பெயர். கையில் சாக்லேட் டப்பா.

“அக்கா! கிடைச்சிருச்சு!”

“என்ன கிடைச்சிருச்சு?”

“பிஎச்.டி. சீட்டு. கல்வியியல்ல!” என்று பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய நான்காவது. இவர் அங்கே விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன் மேல்படிப்புக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டார். ஏதோ ஆய்வகப் படிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

“எல்லாம் நீங்க எழுதின லெட்டர்தான்க்கா. அதைப் பார்த்து அசந்துட்டாங்களாம்.”

“சந்தோஷம் தம்பி” என்றேன். சாக்லேட்டை வாயில் போடத் தோன்றாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் பெரிதாக முயன்றேன் என்று சொன்னால் பொய்.

அவர் நகர்ந்ததும் என் எண்ணைத் தட்டினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ காணோம். அந்த இடத்தில், ‘இன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சேர்க்கைக் குழுவுடன் காணொளியில் பேசவும்’ என்றிருந்தது. கால் தரையில் நிற்கவில்லை. கணவரை அழைத்து, “பால் பொங்கிருச்சு” என்றேன். அந்தப் பக்கம் இயந்திரம் போட்ட சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

விடைத்தாள் அறையில் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி, ஒரு மேசையை இழுத்துப் போட்டு, ஒன்றே முக்காலுக்கே தயாராக உட்கார்ந்துவிட்டேன். ஆராய்ச்சி முறை என்ன, யாரிடம் தரவு எடுப்பீர்கள், இதனால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். திரையில் குழுவின் சார்பில் ஒரு பேராசிரியை மட்டும் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சிரிக்கவில்லை.

“ரெண்டு விண்ணப்பத்தை நேத்துதான் சேர்த்து வெச்சுப் படிச்சேன். ஒரு கடிதத்துல இருந்து கொஞ்சம் வாசிக்கிறேன், கேளுங்க” என்று ஆரம்பித்தார்.

‘வாசிக்க வராத மாணவர்களைக் கூட்டி, கணக்கையே கதையாக வாசிக்கவைத்தார். முதல் வாரம் மேசைக்கடியில் ஒளிந்துகொண்ட சிறுமி, மூன்றாம் மாதம் தானே எழுதிய கணக்கை அடுத்தவளிடம் நீட்டி, நீயே போடு, நான் சொல்லித் தரமாட்டேன் என்றாள். இப்படி முப்பத்தொரு பிள்ளைகளை…’

யாரோ என்னைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு நொடி பூரித்துப்போனேன். மூன்றாவது நொடியில்தான் அந்த வாக்கியங்கள் என்னுடையவை என்று புரிந்தது. அதற்கும் அடுத்துத்தான், அவற்றில் இருக்கும் ஆள் நான் இல்லை என்பதும்.

நான்கு மாதத்துக்கு முன், ஒரு கடைசிப் பாடவேளை. “ஒரு சம்பவம் இருந்தா நல்லா இருக்கும்ங்கறாங்கக்கா. என்கிட்ட ஒண்ணுமே இல்லையே” என்று அணில் தலையைச் சொறிந்தார். என் முன்னால் திருத்தாத நாற்பது விடைத்தாள். கைக்குக் கிடைத்த சம்பவத்தை எடுத்துப் போட்டு அனுப்பிவைத்தேன். கைக்குக் கிடைத்தது என்னுடையதுதான். அதோடு மறந்தும் போனேன்.

“இது உங்க தலைமையாசிரியர் உங்க பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியருக்குக் கொடுத்தது. உங்களுக்கும் அவரே கொடுத்திருக்கார். அதுல இந்த வகுப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆனா உங்க கட்டுரையில, இதை நடத்தினது நீங்கன்னு இருக்கு. அதே முப்பத்தொரு பேர், அதே மேசைக்கடிப் பொண்ணு.” அவர் நிறுத்தினார். “அடுத்தவங்க வேலையை உங்க வேலைன்னு எழுதியிருக்கீங்களா?”

அணில் திருடினார் என்று சொன்னால் அது அநியாயம். பேசாமல் இருந்தால் நான் திருடி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பேனாவால் கெட்டேன்.

“அந்தக் கடிதத்தை எழுதினது நான்தாங்க.”

“எந்தக் கடிதத்தை?”

“ரெண்டையும்.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு தாள்களையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார்.

“அவரைப் பத்தி இப்படி எழுதத் தெரிஞ்ச நீங்க, உங்களைப் பத்தி எழுதச் சொன்னா நேரம் தவறாதவர்னா எழுதுவீங்க?”

பெற்ற தாய்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. மற்ற மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் போனது அதே கடிதம்தான் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன், அதுவும் நான்கு பிரதி எடுத்து.

“திங்கட்கிழமைக்குள்ள தலைமையாசிரியர் விளக்கம் அனுப்பட்டும். அவர் கைப்பட எழுதணும்” என்றார். திரை அணைந்தது.

ஆய்வகத்துக்குப் போனேன். அணில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடாமலே திரும்பினார்.

“அப்ப என் சீட்டு?”

“நிறுத்தி வெப்பாங்கனு நினைக்கிறேன்.”

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“என் தப்புதான், இல்லைங்கல. ஆனா நீயும் படிச்சுப் பார்த்துத்தானே அனுப்பினே? ‘அக்கா, இது உங்க வகுப்பாச்சே, என் பேர்ல போட்டிருக்கீங்களே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் இல்லை.

“உங்க வகுப்பா? நீங்க கதை விட்டிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன். விளையாட்டு வாத்தியாருக்கு விட்ட மாதிரி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்படி ஒரு வகுப்பு நிஜமாவே நடந்துச்சாக்கா?”

பேராசிரியை அடித்தது ஒரு அடி. இது அதன் மேலேயே விழுந்த அடி. கோபம்கூட வரவில்லை. அவர் முதல் மணியோடு ஓடிவருகிறவர், என் பிள்ளைகள் அதற்கு முன்பே வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஓய்வறையில் நானும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் ஒரு வேலையைச் செய்திருக்கிறேன், பக்கத்து மேசைக்காரருக்கு அது கட்டுக்கதை.

தலைமையாசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “சரி விடும்மா. நீயே ஒரு விளக்கம் எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. “சார்! இதை நீங்க எழுதணும்!” என்று வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தேன். வெளியே எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

அவர் பேனாவைத் திறந்தார். தேதி போட்டார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“இது எங்கம்மா நடந்துச்சு?”

“நூலக அறையில, சார்.”

“நம்ம நூலகத்துலயா?”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் அறைக்கும் நூலகத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் அவருடைய கடிகாரம் தொங்குகிறது. அந்தப் பக்கம் என் கரும்பலகை.

“எப்ப?”

“தினமும். இன்னைக்குக் காலையிலயும்.”

பேனாவை மூடி வைத்தார். பிறகு, “எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எப்படிம்மா எழுதுறது?” என்றார்.

“இத்தனை வருஷம் எழுதினீங்களே சார்!”

“எழுதலையே. கையெழுத்துதானே போட்டேன்.”

வெளியே வந்தேன். பதினான்கு வருடத்தில் அந்த மனிதருக்கு நியாயம் பிறக்க அந்த ஒரு நாள்தானா கிடைத்தது என்று மாடிப்படி இறங்கும்வரை மனதுக்குள் திட்டினேன்.

அவர் சனிக்கிழமை அனுப்பியதன் நகலை எழுத்தர் எனக்குக் காட்டினார். இரண்டே வரி. ‘இப்பள்ளியின் பரிந்துரைக் கடிதங்களை நான் வாசிக்காமல் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். இந்த வகுப்பைப் பற்றி நேரடியாக எனக்கு எதுவும் தெரியாது.’ இரண்டும் உண்மை. எனக்கு மிச்சமிருந்த ஒரே கயிற்றை அறுத்த உண்மை.

புதன்கிழமை மாலை பேருந்தில் தட்டினேன். ‘இவ்வாண்டு சேர்க்கை இல்லை.’ கீழே பேராசிரியையின் பெயரில் ஒரு குறிப்பு: ‘இரு விண்ணப்பங்களுக்கும் இதே முடிவு. அடுத்த ஆண்டு வாருங்கள். உங்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்த ஒருவர் கடிதம் எழுதட்டும்.’ இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி அழுதுகொண்டே நடந்து வந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் போகவேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் வந்து நிற்பார்களே. ஏழு மணிக்கு வாசல் காவலாளியிடம் நூலகச் சாவி கேட்டேன்.

“சாவி அப்பவே மேல போயிருச்சும்மா” என்றார்.

கதவு திறந்திருந்தது. கடைசி வரிசையில், ஆறாம் வகுப்புப் பிள்ளை உட்காருகிற குட்டி நாற்காலியில், முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியர். ஒன்பது மணிக்கு முன்னால் அவரை நான் பார்த்ததே இல்லை. மடியில் வெள்ளைத்தாள், கையில் பேனா. நான் வாசலிலேயே சிலையாக நின்றுவிட்டேன்.

“நீ நடத்தும்மா. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்க.”

எப்படி நினைப்பது? சுண்ணக்கட்டியை எடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, அவரைப் பார்த்து மிரண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தாள் அந்தக் கூட்டத்திலேயே வாய்த்துடுக்கானவள். நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“சார், இது என் இடம்.”

அவர் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு நாற்காலி காலி இல்லை. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

“இங்க வந்தா வாசிக்கணும், சார். சத்தமா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அவள் எழுதிய கணக்கை வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

“ரெண்டாவது வரியை விட்டுட்டீங்க, சார். முதல்லேர்ந்து.”

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் முதலிலிருந்து வாசித்தார்.