எலுமிச்சம்பழ உயரம்

நல்லவாட்டுக் கலைச்செல்வன் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் தரையைத் தொடுவதில்லை. நின்றாலும் ஓடினாலும் இரண்டு சக்கரமும் ஒரு எலுமிச்சம்பழ உயரத்துக்கு மேலேயேதான் இருக்கும். சந்தேகப்பட்டவர்கள் குனிந்து, டயருக்கும் தாருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். இதனால் மைலேஜ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஞ்சர் மட்டும் ஆவதில்லை. பஞ்சர் ஆகாத வண்டி வைத்திருக்கிறாயே, கொடுத்துவைத்தவன் என்று யாராவது சொன்னால் கலைச்செல்வன் காலைத் தூக்கிச் செருப்பின் அடியைக் காட்டுவான். அடி என்று அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

வண்டி வாங்கியது அவனுக்காக அல்ல, அவன் அம்மா சின்னப்பொண்ணுக்காக. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு, தவளக்குப்பம் வரை நடந்து, அங்கே பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, லாஸ்பேட்டையில் அரசாங்க உத்தியோகக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தெருவில் விற்கிறவள் அவள். அந்த ஒரு தெருவை வைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள், வீட்டுக்குத் தளம் போட்டாள். பிறகு ஷேர் ஆட்டோக்களுக்கு மூக்கு முளைத்துவிட்டது. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சீட்டு நாறுகிறது, இறங்கு என்றார்கள். பஸ்ஸிலும் அதே பேச்சு. எட்டு மணிக்குள் தெருவுக்குப் போகாவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவள் பிந்திப் போன நாட்களைப் பார்த்து, மைக் கட்டிய மீன் வேன் ஒன்று அந்தத் தெருவுக்குள் நுழைந்து, பதிவு செய்த குரலில் சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று கூவ ஆரம்பித்தது. தெரு போனால் பிழைப்பு போச்சு. துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கப் போகும் மகனிடம், "ஐஸு ஒடச்சி ஒடச்சி என்னாத்தடா கண்ட, ஒரு வண்டிய வாங்கி என்னக் கொண்டும்போய் வுடு" என்றாள்.

அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் கூட்டாளிகளின் வண்டி, அதுவும் ஊர்த் தெருவுக்குள். கடலூர் ரோட்டில் ஏறியதே இல்லை. உழவர்கரையில் பழைய வண்டி விற்கும் ஹாஜாவின் கடைக்குப் போய், தனக்குத் தெரிந்த பரீட்சையெல்லாம் வைத்தான். டயரை உதைத்தான், செயினை இழுத்துப் பார்த்தான், சைலென்சர் புகையை மோந்தான். ஹாஜா குறையைச் சொல்லி விற்கிற ஆள். "தம்பி, செகண்ட் கியரு லேசா மொரண்டு பண்ணும், ஒரு இண்டிகேட்டர் எரியாது. வேற ஒரு குத்தமும் இல்ல" என்றார். அவர் சொன்ன இரண்டு குற்றமும் இருந்தன. அவர் சொல்லாத குற்றம் அப்போது வண்டியில் இல்லை.

பழைய வண்டியானாலும் வாங்குகிறவனுக்குப் புதுசு. தவளக்குப்பத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சூடம் காட்டி, பூசாரி இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டுதான் முதல் அடி போகவேண்டும். கலைச்செல்வன் கிளட்சைச் சட்டென்று விட்டான், வண்டி அணைந்தது. மறுபடி உதைத்தான், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு காரும் ஒரு டிராக்டரும் பூஜைக்குக் காத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. அந்தச் சித்திரையில் எலுமிச்சம்பழம் ஒன்று பன்னிரண்டு ரூபாய் விற்றது. இன்னொரு முறை அணைந்தபோது சின்னப்பொண்ணு குனிந்து இரண்டு பழத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இவன் எப்ப ஏத்தி எப்ப நசுக்கறது? ஆத்தாளுக்குக் காட்டியாச்சி, போதும்." பூசாரி வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பழம் இருந்த இடத்தில், இல்லாத பழத்தின் மேல் ஏறியது. அதற்கப்புறம் இறங்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போதுதான் விஷயம் தெரிந்தது. பிரேக்கை மிதித்தான், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. கரையில் காயப்போட்டிருந்த வலைக் குவியலுக்குள் போய்ப் புதைந்துதான் ஓய்ந்தது. மறுநாள் ஹாஜாவுக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். கோயிலில் நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் குந்தி உட்கார்ந்து, கையை விட்டுப் பார்த்து, ஒட்டாத தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் குடுக்கச்சொல்ல ரெண்டு டயரும் தரையிலதான் இருந்திச்சி. நீயே ஒதச்சிப் பாத்தியா இல்லியா?"

"ஒதச்சேன் பாய்."

"அப்பறம்? நிக்காத வண்டிய நான் வாபஸ் வாங்கி எங்க நிறுத்துவேன்? எடுத்த பழத்தையே திரும்ப வச்சி ஏத்து. வேற வழி எனக்குத் தெரியல."

ஆனால் அந்தப் பழங்கள் அதற்குள் வீட்டிலிருந்த மற்றப் பழங்களோடு துண்டாகி, உப்பும் மிளகாய்த்தூளும் பட்டு, ஜாடியில் ஊறிக்கொண்டிருந்தன. எந்தத் துண்டு எந்தப் பழத்துடையது என்று சொல்ல ஆளில்லை. கலைச்செல்வன் ஜாடியோடு கவிழ்த்துச் சக்கரத்துக்கு அடியில் பரப்பினான். வண்டி ஊறுகாய்த் துண்டின் கனத்துக்கு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. ஓட்டினான், தாண்டிப் போய்ப் பழைய உயரத்துக்கு வந்தது. சின்னப்பொண்ணு மண்ணோடு கிடந்த ஊறுகாயைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை.

வேறு வழியில்லாமல் அதோடேயே பழகினார்கள். ஸ்டாண்டு தரைக்கு எட்டாது. போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி நேராக நிற்கும், ஆனால் காற்றுக்கு நகர்ந்துவிடும். பகலில் கடல்காற்று அதைத் தெருவழியே மேற்கே தள்ளிக்கொண்டு போகும். விடியலில் கரைக்காற்று கடலுக்கு இழுக்கும். படகைக் கட்டுவதுபோலத் தென்னையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஐப்பசி மழையில் டவுனெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, இந்த வண்டி தண்ணீருக்கு மேலே போகும் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டது. போகவில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் ரோட்டிலிருந்துதான் ஒரு பழ உயரத்தில் போனது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி, மெக்கானிக் சாமிக்கண்ணு அதைப் பிரித்து மாட்டினார். சக்கரத்தைப் பற்றிக் கேட்டபோது, அது தன் வேலையில் வராது என்று சொல்லிவிட்டார். மரப்பாலம் சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். வண்டி அவரைத் தாண்டி நெடுந்தூரம் போய் நின்றது. மூச்சிரைக்க வந்தவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு ஹெல்மெட் போடவில்லை என்று அபராதம் எழுதினார். மற்றதற்கு என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத வண்டியில் மீன் விற்பது எப்படி? லாஸ்பேட்டைத் தெருவில் முதல் வீடு ராஜாம்பாளுடையது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைத் திறந்துகொண்டு தட்டோடு நிற்பார். கலைச்செல்வன் இரண்டு காலையும் ஊன்றி, செருப்பு தேயத் தேயத் தேய்த்துக்கொண்டே அவரைத் தாண்டி, அடுத்த வீட்டையும் அதற்கடுத்த வீட்டையும் தாண்டி, டிரான்ஸ்பார்மர் அருகில் போய்த்தான் நிற்பான். "என்ன சின்னப்பொண்ணு, மீனு விக்க வந்தியா, ரேஸு வுட வந்தியா?" என்று ராஜாம்பாள் கத்துவார். மற்றவர்களுக்கு ஓட நேரமில்லை. வேன் வாசலிலேயே நின்றது. மீன் சுமாராக இருந்தாலும், சின்னப்பொண்ணு மாதிரி ஆய்ந்து தராவிட்டாலும், நின்றது. தினமும் கூடை பாதி நிறைந்தபடியே திரும்பியது. சின்னப்பொண்ணு வழியெல்லாம் மகனின் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். "நிறுத்துடான்னா நிறுத்த மாட்ற."

"நீதான பழத்த எடுத்த!"

"நீ ஏன் கிளட்ச அப்பிடி வுட்ட?"

இந்தச் சண்டை அரியாங்குப்பம் பாலத்துக்குத் தினமும் கேட்டது.

ஒருநாள் விடியலில் வண்டியைத் தென்னையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், கரையில் கிடந்த புருஷன் சுப்ரமணியின் பைபர் போட்டைப் பார்த்தாள். நேராகப் போய் அதிலிருந்த சின்ன நங்கூரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடியே, அது போட்டு நங்கூரம்டி!" என்று சுப்ரமணி பின்னாலேயே ஓடிவந்தார்.

"இதுவும் தரையத் தொடாமத்தான் போவுது. மெதக்கற ஒண்ண பிரேக்கு போட்டா நிறுத்துவாங்க? ஒம் மவன் இத்தினி நாளா கால வச்சித் தேய்க்கறான்." கயிற்றைப் பின்கம்பியில் கட்டி, நங்கூரத்தைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ராஜாம்பாள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் அதை வீசினாள். தாரில் இழுபட்டுத் தீப்பொறி பறக்க வந்த நங்கூரம் ஒரு பள்ளத்தில் மாட்டியது. வண்டி கயிற்று நீளத்துக்கு ஓடி, அரைவட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, ராஜாம்பாளின் கேட்டுக்கு நேரே நின்றது. இரண்டு சங்கரா மீன் கூடையிலிருந்து பறந்து தட்டிலேயே விழுந்தன. சின்னப்பொண்ணு எடை போடக்கூட அவற்றைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் எந்தப் பள்ளத்தில் போட்டால் எந்த வீட்டில் நிற்கும் என்று அவளுக்குக் கை பழகிவிட்டது. அந்தத் தெருவில் பள்ளத்துக்குக் குறைவில்லை. மைக் வேனின் கூவலுக்கு மேல் நங்கூரம் விழும் சத்தம் கேட்டதும் ஜனங்கள் பாத்திரத்தோடு வெளியே வந்தார்கள்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, ஒரே வாரத்தில் தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்கள். கண்ணாடி மாதிரி ரோடு. நங்கூரம் வழுக்கிக்கொண்டே வந்தது. வண்டி தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறியது. மறுநாளும் அப்படியே. சின்னப்பொண்ணு போகிற போக்கில் "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று ஒவ்வொரு கேட்டுக்கும் கத்திக்கொண்டே போனாள். வேன்காரன் வண்டியை அணைத்துவிட்டுச் சாவகாசமாக விற்றான். மூன்றாம் நாள் அவள் எங்கோ போய் நின்ற வண்டியிலிருந்து மகனோடு நடந்து திரும்பி வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, இனி வரப்போவதில்லை, ஐஸ் உடைக்கவே போகட்டும் இவன் என்று டிரான்ஸ்பார்மர் அடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு மகனை ஒரு அறை அறைந்தாள்.

தட்டோடு அதுவரை நடந்து வந்த ராஜாம்பாள் அதைப் பார்த்தார். வேன்காரன் கொடுத்த வஞ்சிரத்தை முந்தின நாள் தானே ஆய்ந்து, கையில் முள் ஏறி, விரலில் கட்டுப் போட்டிருந்தார். "அறைஞ்சா நின்னுடுமா? நாளைக்கு வா" என்றார். அன்று மதியமே கொத்தனாரைக் கூப்பிட்டு, கேட்டுக்கு முன்னால் சிமெண்டு குழைத்து ஒரு இரும்பு வளையம் பதித்தார். மறுநாள் நங்கூரக் கொக்கி அதில் மாட்டியது, வண்டி நின்றது. டீச்சர் வீட்டில் மட்டும் நிற்கிறதா என்று எதிர்வீடு ஒன்று பதித்தது. ஒரு மாதத்தில் தெரு முழுக்க வளையம். வேன்காரன் வேறு தெரு பார்த்துக்கொண்டு போய்விட்டான். கலைச்செல்வன் மட்டும் இன்றைக்கும் வண்டியை விட்டு இறங்கியதும், எட்டாது என்று தெரிந்தும், ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறான்.

அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் வளையம் எதற்கு, மாடு கட்டவா என்று கேட்பதுண்டு. "மீன்காரம்மா வண்டி கட்டறதுக்கு" என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மோட்டாரை எப்போது போடவேண்டும் என்று காட்டுவதற்குப் பின்பக்கம் அழைத்துப் போகிறார்கள்.