சேறு மறந்த வடக்கு

தொண்ணூற்றெட்டாம் வருடம் அக்டோபர் பதினேழு, சனிக்கிழமை காலை, இசிக்-குல் ஏரிக்கரையில் எங்கள் தெரெக்-சூ ஊரில் வடக்கு காணாமல் போனது. திசைகாட்டி முட்கள் நிற்காமல் சுற்றின. சூரியன் வழக்கம்போல் உதித்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கம் உதித்தது. மலையிலிருந்து இறங்கிய ஆட்டு மந்தை மூன்று நாள் ஊரையே சுற்றி வந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாயில்லை. ஏரி ஆய்வு நிலையத்தில் உம்சுனாய் என்பவள் இருபத்தாறு வருடம் படகில் போய், ஏரியின் அடியிலிருந்து குழாய் குழாயாகச் சேறு எடுத்து வந்திருந்தாள். அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டு. படிந்த அன்று வடக்கு எங்கே இருந்ததோ, அதைப் பார்த்தபடியே அவை படுத்திருக்கும். குளிரில், காற்றுப் படாமல் வைத்தால் மறக்காது. வெப்பமும் காற்றும் பட்டால் துருவேறி எல்லாம் போய்விடும். அறுபத்திரண்டு குழாய்களையும் அவள் குளிர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

அந்த மாதம் நிலைய இயக்குநர் தொக்தோசுனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. விருந்துக்கு நான்கு குதிரைகளை அறுத்தார்கள். இறைச்சியைக் குளிர் அறையில் தொங்கவிட்டு, சேற்றைக் கொதிகலன் அறையில் வெந்நீர்க் குழாய்களை ஒட்டி அடுக்கினார்கள். உம்சுனாய் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டாள்.

“சேறு கெட்டுப்போகுமாக்கா? அது ஏற்கெனவே சேறுதானே” என்றார் இயக்குநர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் ஒரே ஒரு குழாயை எடுத்துப் போய், வீட்டுப் பின்புறம் பனிக்கட்டிக் குழியில் புதைத்துவைத்தாள். மற்றவை வெந்து, பதினோராம் நாள் வடக்கு போனது.

அடுத்த வாரம் இயக்குநரின் அப்பா சபரலி இறந்தார். இறந்தவரைத் தொழுகைத் திசையான கிப்லா பார்த்துக் கிடத்த வேண்டும். வடக்கே தெரியாதபோது கிப்லா எங்கே தெரியும்? ஐந்து குழி வெட்டினார்கள், ஐந்தும் ஐந்து பக்கம். முல்லா எதற்கும் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள் தொக்தோசுன் உம்சுனாயின் வாசலில் வந்து நின்றார்.

“சேறுதானே தம்பி. அதைத் தேடியா வந்த?”

“அப்பா மூணு நாளா கூடாரத்துல கிடக்கிறாருக்கா.”

குழாயைத் திறந்தால் அவளுடைய இருபத்தாறு வருடத்தில் மிச்சமிருந்ததும் போய்விடும். பின்புறம் போய்ப் பனிக்கட்டியை விலக்கிக் குழாயை வெளியே எடுத்தாள்.

“உனக்காக இல்ல. என் படகுக்கு வருஷா வருஷம் கயிறு பிடிச்ச மனுஷன் அவர்.”

இடுகாட்டில் குழாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மூடியைத் திறந்தாள். அது மெல்லத் திரும்பி வடக்கு பார்த்து நின்றது. அதை வைத்துக் கிப்லா கணித்துக் குழி வெட்டினார்கள். அதற்குள் கறுப்புச் சேறு காற்றுப் பட்டுப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. மிச்சத்தை அவள் குழிக்குள்ளேயே கொட்டினாள்.

பிறகு விசாரணை நடந்தது. மாதிரிகளைக் கவனக்குறைவாக வைத்திருந்ததாக உம்சுனாயை வேலையிலிருந்து நீக்கினார்கள். குதிரை இறைச்சியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த விருந்தில் சாப்பிட்டவர்கள். என்ன நியாயம் இது?

வடக்கு ஊருக்குத் திரும்பவில்லை. அந்தக் கல்லறையில் மட்டும் இருக்கிறது. வீடு கட்டவோ குழி வெட்டவோ வேண்டுமென்றால், அங்கே போய் நின்று வடக்கே கை நீட்டி, கையை மடக்காமல் திரும்பி வருவோம். தொக்தோசுனும் அப்படித்தான் வருகிறார். உம்சுனாயின் வீட்டைத் தாண்டும்போது மட்டும், நீட்டிய கையை இறக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறார்.