இருபத்தாறு பேருக்கும் ஒரே அளவு

"இருபத்தாறு பேர் ரத்தத்துல இந்த ஒரு பொருள் மூணாவது தசமம் வரைக்கும் ஒரே அளவு. எல்லாரும் ஒட்டிப் பிறந்தவங்களா?"

நான் கேட்டது என் கணவரை. எங்கள் ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டுபவர் அவர். ரத்தத்தில் கரைந்திருக்கும் நுண்பொருட்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் இயந்திரம் அது. அது கக்கும் எண்களைச் சுத்தம் செய்வது என் வேலை. பத்து நாள் நான் விடுப்பில் இருந்தபோது அதையும் அவரே பார்த்திருந்தார்.

"பட்டியல்ல அளவு இல்லாத காலி இடம் நிறைய இருந்துச்சு. நிரப்பினேன்."

"எதை வச்சு?"

"நோயாளிங்களுக்கு நோயாளிங்க சராசரி. மத்தவங்களுக்கு மத்தவங்க சராசரி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாற்பது நோயாளிகளில் பதினான்கு பேரிடம்தான் அந்தப் பொருள் தென்பட்டிருக்கிறது. மற்ற இருபத்தாறு பேருக்கு இவர் தாராளமாக வாரி வழங்கியிருக்கிறார். பிறகு நோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் என்று இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்காமல் என்ன செய்யும்?

"சிறுநீரகம் கெடப்போறதை இது முன்னாடியே காட்டும்னு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்க. இதை நம்பி, நல்லா இருக்கறவங்க முதுகுல ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பாங்க. தெரியுமா?"

"கத்தாதே. அக்கா காதுல விழும்."

விழுந்துவிட்டது. ஆய்வகத் தலைவி, என் நாத்தனார், கதவைத் திறந்தார். "என்ன, வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வந்துட்டீங்களா?"

"வீட்டுச் சண்டை இல்ல அண்ணி. உங்க தம்பி இல்லாத பொருளைக் கண்டுபிடிச்சிருக்கார்."

"ரெண்டு வருஷ உழைப்பு! லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே நொட்டை சொல்லணுமா?"

மூலக் கோப்புகளைத் திறந்தேன். அந்தப் பொருள் வரவேண்டிய எடையில், வரவேண்டிய நிமிடத்தில், இயந்திரம் உண்மையில் எதைப் பார்த்தது என்று ஒவ்வொருவராக எடுத்துப் போட்டேன். முதல் ஆள், தட்டைக் கோடு; பொருளே இல்லை. அடுத்தவரும் தட்டை. பதினோராவது ஆளுக்கு அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்தாறும் தட்டை. ஆரோக்கியமானவர்கள் பக்கமும் அதே கதைதான். நிஜ அளவுகளைப் போட்டதும் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்துபோயின. மணி மூன்றரை.

அண்ணி தொண்டையைக் கனைத்தார். "சொன்ன சொல்லுக்கு இப்ப அனுப்பிடலாம். அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"அப்புறம்னா எப்ப? எத்தனை பேர் முதுகுக்கு அப்புறம்?"

என் கணவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

"டாக்டர், ரிசல்ட் வராது. அது தப்பு... இல்ல சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பண்ணினேன்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் கையைப் பிடித்திருப்பேன்.

"தள்ளுங்க," என்றேன். "மிச்சம் முந்நூறு பொருளையும் இதே மாதிரிதானே நிரப்பி வச்சிருக்கீங்க?"

அவர் தலையாட்டினார்.