குடுவையில் மூன்றாவது நிறம்

1

இந்தக் கதை ஒரு பதிலாகத்தான் தொடங்கியது. என் சித்தி மகள் கேட்டிருந்தாள்: வீட்டில் நாயும் பூனையும் இருக்கின்றன, எங்கே கை வைத்தாலும் முடி, எந்த வேக்குவம் கிளீனர் வாங்கலாம்? எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் நிம்மதி. பொருள், விவரம், முடிவு என்று தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விவரத்துக்கு வந்தபோது கேட்காமல் கொள்ளாமல் ஒரு அக்காவும் தங்கையும் வந்து நின்றுவிட்டார்கள். அதற்குமேல் அது பதிலாக இல்லை. சித்தி மகள் இன்னமும் துடைப்பத்தோடுதான் மல்லுக்கட்டுகிறாள்.

முதல் வரைவின் தொடக்கம் இது:

[கதவோரம் நாய். சன்னல் விளிம்பில் கறுப்புப் பூனை. மத்தியானம் அக்கா சோபாவில் சாய்ந்தால் வெள்ளைப் பூனை வந்து அவள் நெஞ்சின்மேல் ஏறி]

வாக்கியத்தை அங்கேயே விட்டேன். சின்னக் கதைக்கு மூன்று பிராணிகள் கூட்டம். வெள்ளைப் பூனை வரும் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போனேன்.

2

அக்கா வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறவள். கொஞ்ச நாளாக ஒரு வரியை ஒரே மூச்சில் அவளால் பாட முடியவில்லை. நடுவில் நிறுத்தி, ஏதோ திருத்தம் சொல்லுவதுபோலப் பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொள்கிறாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: வீட்டில் முடி இருக்கக்கூடாது. அடுத்த முறையும் இதே இழுப்பு இருந்தால் பிராணிகளை வெளியே கொடுத்துவிடுங்கள்.

நாய்க்கு மூட்டை என்று பெயர். கிழம். பூனை மசி. இரண்டையும் தெருவிலிருந்து தூக்கி வந்தவள் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள் என்பதால் தூசியோடு அவளுக்குத் தினப்படிப் பகை. அக்காவின் மூச்சும் வேண்டும், இந்த இரண்டு உயிர்களும் வேண்டும். இடையில் நிற்கப்போவது ஒரு இயந்திரம். அதனால் மாப்பிள்ளை பார்க்கிற தோரணையில் கடைக்குப் போனாள்.

3

அவள் கடைக்குள் நுழைந்தபோது வானம் இருண்டு... வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விற்பனையாளர் முதலில் தரையில் தானாக ஓடும் வட்டமான ஒன்றைக் காட்டினார். நாய் உள்ளேயே அசிங்கம் பண்ணுமா என்று விசாரித்தார். வயசாகிவிட்டது, எப்போதாவது உண்டு என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்ப இது வேணாம்மா. அது பாட்டுக்கு அதையும் சேத்து வீடு பூரா மெழுகி வச்சிரும்."

கழித்துக்கட்டியதில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் எல்லாம் உள்ளே ஒரு காகிதப் பையில் சேரும். வாயை மூடித் தூக்கி எறியலாம், தூசி வெளியே வராது. மற்றதில் உள்ளே போவதெல்லாம் தெரிகிற குடுவை. கொட்டும்போது ஒரு புகை எழுந்து மூக்கில் ஏறும். இழுப்பு இருக்கிற வீட்டுக்குப் பைதான் என்றார் அவர். அவளும் தலையாட்டினாள்.

அப்போது போனில் அக்காவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: முடி.

தங்கை அதை, சட்டென்று முடி, வந்து சேர் என்று படித்தாள். நான்கு வார்த்தை தட்டக்கூட மூச்சில்லையோ என்று நினைத்தாள். பை வைத்தது கிடங்கிலிருந்து வர நேரமாகும் என்றார்கள். எதிரே நின்ற குடுவைக்காரனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

(ஓரக்குறிப்பு: பை வைத்ததைக் கிடங்கில் வைத்தது நான். அக்காவின் மூச்சுக்கு நல்லது பை. கதைக்கு வேண்டியது குடுவை. உள்ளே விழுவது உங்கள் கண்ணில் பட வேண்டுமே.)

வீட்டில் அக்கா நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் அனுப்பியது வினைச்சொல் இல்லை, பெயர்ச்சொல். விரல் நுனியில் பிடித்து நீட்டினாள். நீளமான ஒரு முடி. வெள்ளை.

"இது யாரோடதுடி?"

4

இயந்திரம் நல்ல இயந்திரம், அதில் குறை சொல்ல முடியாது. ரப்பர் பல் வைத்த உருளை, முடி சிக்கவே இல்லை. குடுவையில் பழுப்பு ஒரு சுருள், கறுப்பு ஒரு சுருள். இரண்டுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளை.

மூட்டைக்கு நரைக்கிறது என்று இருவரும் பேசிச் சமாதானப்பட்டார்கள். தங்கைக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். மசியின் முடியைப் பக்கத்தில் வைத்தாள். அதே மென்மை, அதே கூர். நிறம் மட்டும் வேறு.

தினமும் இழுக்க இழுக்கப் பழுப்பும் கறுப்பும் குறைந்துகொண்டே வந்தன. வெள்ளை குறையவில்லை. தரையில் அது கொஞ்சம், சோபாவில் அதிகம், அக்கா போர்த்திக்கொள்ளும் சால்வையின் முன்பக்கத்தில் அதைவிட அதிகம். இழுப்பும் அப்படியே இருந்தது.

"நெஞ்சு மேல ஏதோ உக்காந்திருக்க மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா.

"மூச்சு முட்டுனா அப்படித்தான்க்கா இருக்கும்."

"மூச்சு முட்டுறது எனக்குத் தெரியாதா? இது கால மடக்கி உக்காருது."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் தாளைத் தேடி எடுத்தேன். நான் அடித்தது வாக்கியத்தைத்தான், பூனையை இல்லை.

அந்த வாரமே அக்கா ஏற்பாடு செய்துவிட்டாள். பாட்டுக்கு வருகிற ஒரு பெண்ணின் அப்பா, வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கிறதாம், வண்டி கொண்டுவந்து மூட்டையையும் மசியையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் அதைச் சொன்னபோது தங்கை இயந்திரத்தை அணைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் அழுதது தெரியவில்லை.

5

என் கையில் இருந்த வழிகளை முறைப்படி சோதித்தேன்.

வெள்ளையைத் திரும்ப எழுதினால் அதைக் கொடுத்தனுப்பிவிடலாம், மற்ற இரண்டும் தப்பிக்கும். எழுதினேன். வாக்கியம் வந்தது, பூனை வரவில்லை. அடுத்த வரியிலும் சோபா காலியாகவே கிடந்தது.

அப்படியானால் மூட்டையையும் மசியையும் அடித்துவிடலாம், வண்டிக்கு வேலை இருக்காது. பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். அடித்தது போவதில்லை என்பதைத்தானே இதுவரை பார்த்தோம். பிறகு மத்தியானங்களில் மூன்றுமாக அவள் நெஞ்சில் ஏறும். மூட்டை சாதாரண கனமா?

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றால், அக்கா மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இழுத்தவளை வெளியே விடாமல் எப்படி

6

வண்டி வருகிற நாள். மத்தியானம். அக்கா சோபாவில் கண் அயர்ந்திருந்தாள். தங்கை கடைசியாக ஒருமுறை வீடு முழுக்க இழுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். குடுவையில் வெள்ளை மட்டும் இருந்தது.

மூட்டை கதவைப் பார்க்கவில்லை. அக்காவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. மசியும் சன்னலிலிருந்து அதையேதான். தங்கையும் பார்த்தாள். சால்வையில் ஒரு குழி. அக்காவின் மூச்சு ஏறி இறங்கியது. குழி அதோடு ஏறவில்லை. அதற்கென்று தனியாக ஒரு மூச்சு இருந்தது, வேகமாக, சின்னதாக.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். அடிக்கவோ விரட்டவோ தோன்றவில்லை. அவளுக்கு எந்தப் பிராணியையும் விரட்டிப் பழக்கமில்லை.

"எறங்கி வாயேன்" என்றாள். குழி அசையவில்லை.

"பேரு தெரிஞ்சா கூப்பிட்டு எறக்கிருவேன்" என்று மூட்டையிடம் சொன்னாள்.

நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இப்போது வைத்துப் பார்த்தேன், அடித்த கை கூப்பிட்டால் வராதாம். ஆகவே உங்களைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு பெயர் சொல்லுங்கள். மெல்லச் சொன்னால் போதும், அக்கா தூங்குகிறாள். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது, அதிகம் யோசிக்க நேரமில்லை.

முன்கூட்டியே தெரிவித்துவிடுவதுதான் முறை என்பதால் இதையும் எழுதுகிறேன்: பூனை, பெயர் சொல்லிக் கூப்பிட்டவரிடம்தான் போகும்.