இருபத்தைந்து அடி

செருப்பைக் கழற்றியிருக்கக் கூடாதோ, சிமெண்டுத் தரை இருக்கிறதா இல்லையா என்றே இடதுகாலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது, குனிந்து பார்த்தால் அதையும் டாக்டர் எழுதிக்கொள்வாரே... ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்பீஸால் இரண்டு கோடுகள், இடையில் இருபத்தைந்து அடி. மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வரும் டாக்டர் சுந்தரராஜ் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வேண்டாம் டீச்சர், விழுந்துராம எவ்வளவு வேகமா வர முடியுமோ வாங்க" என்றார். இன்பமணி நடந்தாள். வீட்டில் அடுக்களையிலிருந்து கிணற்றடி வரைக்கும், புருஷன் தனராஜ் ஆபீசுக்குப் போன பிறகு, எண்ணி எண்ணி நடந்து பழகியபோது ஏழு செகண்டு வந்ததே, அது காலை, குளிர்ந்த நேரம்... இப்போது துறைமுக ரோட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற சூடு தொடைக்குள் ஈயமாக இறங்கிவிட்டது. பன்னிரண்டு செகண்டு. ஆறு மாதத்துக்கு முன் எட்டு. மூளையிலிருந்து போகிற நரம்பின் உறை அங்கங்கே உரிந்துபோகிறது, ஒயரில் ரப்பர் உரிவதுபோல என்று அன்றைக்குச் சொன்னார், மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயரும் சொன்னார், எத்தனையோ பேருக்கு டைப் கற்றுக்கொடுத்தவளுக்கு அந்தப் பெயரை அடிக்கக் கை வரவில்லை.

பிறகு பலகை. ஒன்பது ஓட்டை, ஒன்பது மரக்குச்சி, வலதுகை எப்படியோ முடித்துவிட்டது, இடதுகை ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது, குடிகாரன் சொந்த வீட்டு வாசலைத் தேடுவதுபோல. ஐந்தாவது குச்சி உருண்டு கீழே விழ, கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனராஜ் குனிந்தார். "எடுக்காதீங்க சார், அவங்களே எடுக்கட்டும்." குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார், முகத்தை அவள் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு செகண்டு. டாக்டர் பேனாவை மூடினார். "டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு வேலைக்குப் போகலாம்னு இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது டீச்சர்." அவ்வளவுதான், பன்னிரண்டு வருடம், இருபது மெஷின் ஒரே நேரத்தில் பொரிகிற சத்தம்... அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தாள், வரவில்லை.

"மொதல்ல எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார் டாக்டர். போன கிறிஸ்மஸ், அவள் சொல்லி வாயை மூடவில்லை, தனராஜ் தொண்டையைச் செருமினார். "இல்ல டாக்டர். எழுவத்திரெண்டு ஈஸ்டர். நற்கருணை எடுத்துட்டுத் திரும்புதா, எடதுகால் இழுத்துச்சு. அன்னைக்கில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

நாலு வருடமா... அப்படியானால் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கீழ்வீட்டுக்குக் குடிமாறியது, பித்தளைக் குடத்தைப் பரணில் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கிவந்தது, ரோட்டில் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே வந்தது எல்லாம்? காலை ஒளித்து ஒளித்து நடந்தாளே, ஒளிப்பதையுமா பார்த்துக்கொண்டிருந்தார்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, நான்தான் ஏன் சொல்லவில்லை, ஒரே பாயில் படுத்துக்கொண்டு...

"இன்னொரு தடவ நடந்து பாத்துருவோம்" என்றார் டாக்டர். தனராஜ் எழுந்துபோய் அந்தக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டார், கையை நீட்டவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. அவள் சுவரை விட்டுவிட்டு இடதுகாலைத் தூக்கி வைத்தாள். அவர் உதடுகள் அசைந்தன. ஜெபம் பண்ணுகிறாரா, எண்ணுகிறாரா... இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து அது தெரியவில்லை.