காக்கைக்குத் தெரிந்த முகம்

1
இந்தக் கதை என் தங்கை கணவரின் உச்சந்தலையில் தொடங்கியது. சற்று இடப்பக்கமாக.

மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக். ஒரு மொட்டைமாடியில், ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் இருந்த காக்கைக் கூட்டை அலுங்காமல் எடுத்துப் பக்கத்துச் சுவரில் வைத்தார். அன்றிலிருந்து அவர் அந்தத் தெருவில் தலைகாட்டினாலே காக்கை கொத்துகிறது. நாளைக்குள் வேலையை முடிக்காவிட்டால் முதலாளி வேறு ஆள் போட்டுவிடுவார்.

2
[‘இருளின் துண்டொன்று பறந்து வந்ததைப் போல…’ என்று காக்கையை வர்ணிக்க ஆரம்பித்தேன். பொய். அதன் கழுத்து சாம்பல் நிறம். வெயிலில் சிறகில் நீலம் ஓடும். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது, தையல்காரர் அளவெடுப்பதுபோல் இருக்கும்.]

3
மாப்பிள்ளை மீசையை எடுத்தார். கதவைத் திறந்த தங்கை, “யாருங்க வேணும்?” என்றாள். காக்கை அப்படிக் கேட்கவில்லை. நேராகக் கொத்தியது.

“மச்சான், உங்க போட்டோ ஒண்ணு குடுங்க. முகமூடியா பிரிண்ட் அடிச்சுக்கிறேன்,” என்றார் என்னிடம்.

“என் மூஞ்சி எதுக்கு?”

“அதான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.”

இருப்பதிலேயே நல்லதாக ஒன்று தேடினேன். பிறகு கொடுத்தேன்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு போனார். காக்கை குழம்பிப்போய்ச் சும்மா இருந்தது. பாதி வேலையில் வியர்வை துடைக்க முகமூடியைத் தூக்கினார். அவ்வளவுதான்.

இப்போது அதற்கு இரண்டு முகங்கள் தெரியும். காலையிலிருந்து என் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதுகிறேன். அது பார்க்கிறது. இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

4
முடிவு அ: காக்கை மன்னிக்கிறது. மன்னிப்பு என்பது— (வேண்டாம். அது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.)

முடிவு ஆ: காக்கை சாகிறது. இதைத் தங்கையிடம் போனில் படித்துக் காட்டினேன்.

“அண்ணா, கதையில கூட அதைக் கொன்னுடாத. அதுக்குச் சொந்தக்காரங்க ஜாஸ்தி.”

“அப்போ என்னதான் பண்றது?”

“மூணாவதா ஒரு மூஞ்சி பிடி.”

5
பிடித்துவிட்டேன். திருப்பிப் பாருங்கள்: மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றியோ தாடையைப் பற்றியோ நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் படிக்கும்போது நீங்களாகவே அவருக்கு ஒரு முகம் கொடுத்திருப்பீர்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் நாளைக் காலை மாடியேறுகிறார்.

வியர்க்காமல் இருந்தால் வேலை முடிந்துவிடும். வியர்த்தால் என்ன ஆகும் என்பதை உங்களிடமே விடுகிறேன். அது யார் முகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.